சந்திரிகாவின் கியூபிக்கிள்

தான்யாவின் நாய்க்குப் பிறந்தநாள் என்று திங்கட்கிழமை காலை அவளுடைய கியூபிக்கிளில் ஒரு புதுப்படம் ஏறியிருந்தது. தலையில் காகிதத் தொப்பி. அதே நாய் ஏற்கெனவே அந்த கியூபிக்கிளின் தடுப்புகளில் கடற்கரையிலும் நத்தார் தாத்தா உடுப்பிலும் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடியும் தொங்கிக்கொண்டிருந்தது. தன் கதிரைக்குப் போகும் வழியில் சந்திரிகா தினமும் அதைப் பார்ப்பாள். அதுவும் அவளைப் பார்க்கும். இரண்டு பேருக்கும் மற்றவர் மேல் பெரிய மரியாதை கிடையாது.

சிட்னியின் செவன் ஹில்ஸில், மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் கம்பனி அது. கீழே யந்திரங்கள் ஆவி கக்கிக்கொண்டிருக்க, மேல்மாடியில் சம்பளப் பிரிவு. அங்கே கொஞ்ச நாளாக எல்லோருக்கும் ஏதோ பிடித்திருந்தது. 'உங்கள் மூலையை உங்களுடையதாக்குங்கள்' என்று மேலாளர் புரூக் ஒரு மின்னஞ்சல் அனுப்பியதிலிருந்து தொடங்கிய பைத்தியம். செடி வையுங்கள், சின்னக் கம்பளம் விரியுங்கள், நேசிப்பவர்களின் படம் மாட்டுங்கள், வேலை இனிக்கும் என்று எழுதியிருந்தாள். கிரண் கள்ளிச்செடிகள் வாங்கி வந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து அவற்றோடு பேசினான். இரண்டு வருடமாக விடுமுறைக் கணக்கை ஒழுங்காகப் போடத் தெரியாதவன், கள்ளிக்கு எத்தனை துளி தண்ணீர் என்று கணக்கு வைத்திருந்தான். எதிர்ப்பக்கத்து வைதேகி மின்விளக்குச் சரம் தொங்கவிட்டு, கால் வைக்கிற இடத்தில் முயல்தோல் மாதிரி ஒன்றை விரித்திருந்தாள். வீட்டில் அவள் தன் போர்வையைக்கூட மடிப்பதில்லை என்று அவளுடைய தாயே கோயிலில் வைத்துச் சந்திரிகாவிடம் சொல்லியிருக்கிறா.

சந்திரிகாவின் மேசையில் கணினி இருந்தது, தொலைபேசி இருந்தது, ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் வேறென்ன வேண்டும்? இந்த மனிதர்களுக்கு வீட்டில் இடமில்லையா, அல்லது வீடுதான் இல்லையா என்று அவளுக்குச் சில நேரம் சந்தேகம் வரும்.

செவ்வாய்க்கிழமை புரூக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். குழுத் தலைவர் பதவிக்கு நீங்கள் விண்ணப்பித்திருப்பது பெரிய சந்தோசம் என்று தொடங்கினாள். சந்திரிகா வேலை பழக்கிவிட்ட மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அவளுக்கே தலைவராகி வந்து போனவர்கள். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து வாலஸ் வருகிறார், எல்லோருடைய இடங்களையும் சுற்றிப் பார்ப்பார், மூன்று மணித் தேநீரில் பதவி யாருக்கென்று அறிவிப்பார் என்றாள் புரூக். பிறகு குரலைத் தணித்து, உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் உங்கள் கியூபிக்கிளைப் பார்த்தால் யாரோ வேலையை விட்டுப் போன இடம் மாதிரி இருக்கிறது, ஆட்கள் கிட்ட வரப் பயப்படுகிறார்கள், கொஞ்சம் உயிர் கொடுங்கள் என்றாள்.

சந்திரிகாவுக்கு உச்சி கொதித்தது. இத்தனை வருடம் ஒருவருடைய சம்பளத்திலும் பிழை விடாமல் இருந்ததற்கு மேல் ஒரு நாய்ப் படமும் வேண்டுமாம். ஆனால் அந்தப் பதவி வேண்டும். இந்த முறையும் போனால் அடுத்ததாக கிரணுக்கும் வேலை பழக்கி, அவனிடமே லீவு கேட்க வேண்டி வரும்.

திரும்பி வந்து வைதேகியின் தடுப்பில் தட்டினாள்.

"பிள்ளை, நான் வியாழன் லீவு. பல்லை டொக்டரிட்டக் காட்டப் போறன். என்ரை இடத்தில நீரே ஏதும் வைச்சு விடும். எனக்கு உந்த விளையாட்டுக்கு நேரமில்லை."

"ரியலி அன்ரி? ஓ மை காட், ஐ வுட் லவ் டு." வைதேகியின் முகம் மலர்ந்துபோனது. அலுவலகத்தில் அன்ரி என்று கூப்பிடாதே என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. "ஏதாவது போட்டோஸ் இருக்கா? ஃபேமிலி?"

"ஃபேஸ்புக்கில கிடக்கும். பார்த்து எடும்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணவரிடமும் ஓர் ஏவல் விட்டாள். சிறிதரன் கிடங்கு வேலையில் முதுகு போய் வீட்டோடு இருக்கிற மனிதர். கறிவேப்பிலை வளர்ப்பார், சமைப்பார், யார் எது கேட்டாலும் ஓம் என்பார். அந்த ஓம்தான் சந்திரிகாவுக்கு அவரிடம் பிடிக்காதது. ஒரு தரமாவது மாட்டன் என்று சொல்லும் முதுகெலும்பு இந்த மனிதருக்கு எப்போதாவது இருந்ததா என்று அவள் யோசிப்பதுண்டு.

"வெள்ளி மூண்டு மணிக்கு ஒஃபீசுக்கு ரோல்ஸ் கொண்டு வரவேணும். சூடா இருக்கவேணும். வெள்ளைக்காரர் தின்னுறது, உறைப்பைக் குறையுங்கோ."

"ஓம். ஆட்டிறைச்சியோ கோழியோ?"

"என்னத்தையாவது போடுங்கோ."

வெள்ளிக்கிழமை காலை, வீங்கிய கன்னத்தோடு சந்திரிகா மேல்மாடிக்கு ஏறினாள். நாயைக் கடந்தாள், கள்ளிகளைக் கடந்தாள், தன் இடத்துக்கு வந்து நின்றாள்.

கணினிக்குப் பக்கத்தில் ஒரு பட்டுத் துண்டு விரித்து, அதன் மேல் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று நிமிர்ந்து நின்றது. சிறிதரனின் படம். யாரோ வீட்டுப் பெண் பெரியவளான சாமத்தியச் சடங்கில் வேட்டி சால்வையோடு எடுத்தது. சிரிக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள், நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்கு, தீபாவளிக்கு இந்தியக் கடைகளில் விற்கிற செம்மஞ்சள் துணிப்பூ மாலை ஒன்று இரண்டு பக்கமும் வழியப் போட்டிருந்தது. முன்னால் ஒரு பற்றரி விளக்கு, உண்மைச் சுடர் மாதிரி நடுங்கி நடுங்கி எரிந்தது. இரண்டு பக்கமும் வாசனைக் குச்சி, பற்ற வைக்காமல்.

"சர்ப்ரைஸ்," என்றாள் வைதேகி, தடுப்புக்கு மேலால் தலையை நீட்டி. "சோ ப்ரிட்டி, இல்ல அன்ரி? எங்கட வீட்டில தாத்தாட போட்டோவுக்கு இப்பிடித்தான் செய்திருக்கு. சோ ஐ தோட், நல்ல கல்ச்சரலா இருக்கும்."

"தாத்தா எங்க இப்ப?"

"ஹி பாஸ்ட் அவே. வை?"

சந்திரிகாவுக்கு வாயில் வந்த சொல் ஒன்றும் அலுவலகத்தில் சொல்லக் கூடியதில்லை. செத்த மனிதருக்கு வைக்கிற படத்துக்கும் உயிரோடு இருக்கிறவரின் படத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சிட்னியில் பிள்ளை வளர்க்கிறார்கள், அதற்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று கேடு. கையை நீட்டி மாலையை எடுக்கப் போனாள்.

"இதோ, சந்திரிகா," என்றது புரூக்கின் குரல் பின்னால்.

வாலஸ் உயரமான, தலை நரைத்த மனிதர். கை கொடுக்க வந்தவர் படத்தைக் கண்டு நின்றுவிட்டார். முகத்திலிருந்த அலுவலகச் சிரிப்பு மெல்ல இறங்கியது. இரண்டு கைகளையும் முன்னால் கோர்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, தான் வெகுகாலம் முன்பு பினாங்கில் வேலை பார்த்ததாகவும், அங்கே தன்னோடு வேலை செய்த ஒரு தமிழரின் வீட்டில் இப்படியொரு படத்துக்கு முன்னால் நின்றிருப்பதாகவும் சொன்னார். உங்கள் கணவரா என்று கேட்டார்.

"யெஸ்," என்றாள் சந்திரிகா. அது உண்மைதானே.

தன் மனைவி போன குளிர்காலத்தில் போய்விட்டா என்றார் அவர். அவவின் கோட் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறதாம், எடுக்க மனம் வரவில்லையாம். புரூக்கின் கண்கள் ஈரமாகிவிட்டன. எனக்கு இது தெரியாதே சந்திரிகா, நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லையே என்று தோளைத் தொட்டாள்.

இப்போது சொல்லலாம். இல்லை, இது ஒரு பிழை, என் மனிதர் வீட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் முடிந்தது. எல்லோரும் சிரிப்பார்கள். வாலஸ் சிரிக்க மாட்டார். கோட்டைப் பற்றிச் சொன்னது அவருக்கு வெட்கமாகிவிடும், அந்த வெட்கத்தோடு போய்ப் பெயரை எழுதுவார். அது தன் பெயராக இராது என்று சந்திரிகாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்தாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அது போதுமாயிருந்தது. இதைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு நாளும் வந்து வேலை செய்கிறவர்தான் நமக்கு வேண்டும் என்று வாலஸ் புரூக்கிடம் சொல்லிக்கொண்டே நகர்ந்து போனார்.

ஒரு மூலைக்கு உயிர் கொடுப்பது என்பது இதுதானாக்கும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கன்னம் வலித்தது. அப்போதுதான் ரோல்ஸ் ஞாபகம் வந்தது.

சிறிதரன் சமைக்கும்போது தொலைபேசியைக் குசினிக்குள் கொண்டு போவதில்லை. அவள் எடுத்தாள், மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள். 'வரவேண்டாம்' என்று செய்தி அனுப்பினாள். மத்தியானம் முழுக்க அந்தச் செய்தி பார்க்கப்படாமலே கிடந்தது. மாலையையாவது கழற்றலாம் என்றால், போகிற வருகிற ஆட்களெல்லாம் அவள் தடுப்பருகே வந்து குரல் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார்கள். தான்யா கட்டிப் பிடித்தாள். கிரண் தன் கள்ளிகளில் ஒன்றைக் கொண்டு வந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். என்ன நடக்கிறது என்று வாயெடுத்த வைதேகியைச் சந்திரிகா முறைத்தே அடக்கினாள். பத்து வருடத்தில் அந்த கியூபிக்கிளுக்கு இத்தனை பேர் வந்ததில்லை. இந்த அன்பை வாங்க ஒருவரைச் சாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அவர்களையெல்லாம் அவள் வெறுத்தாள். தன்னையும் சேர்த்து வெறுத்தாளா என்று கேட்டால், அது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் தேநீர் அறைக்குப் போனார்கள். கீழே போய்ப் படியிலேயே தட்டை வாங்கிச் சிறிதரனைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சந்திரிகா எழும்பினாள். அதற்குள் வரவேற்புப் பெண் அவரை மேலே அனுப்பிவிட்டாள்.

சலவை செய்த முழுக்கைச் சேட்டு, நன்றாக வாரிய தலை. கையில் அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டு. தடுப்புகளுக்கு நடுவே மெல்ல நடந்து, நாயைப் பார்த்துச் சிரித்து, அவளிடம் வந்து நின்றார். பிறகு படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். குனிந்து அந்த விளக்கையும் பார்த்தார்.

"நான் எப்பவப்பா செத்தனான்?" என்றார்.

அவர் கேட்ட விதத்தில் கோபமே இல்லை. கடையில் விலை விசாரிப்பது மாதிரிக் கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"இண்டைக்குக் காலமை," என்றாள். "அந்த வைதேகிப் பெட்டை செய்த வேலை. நான் சொல்ல வெளிக்கிட முன்னம் பெரியவர் வந்திட்டார். சொன்னா அந்தப் போஸ்ட் போயிடும். இஞ்சேருங்கோ, உந்தத் தட்டை வைச்சிட்டுக் கெதியாப் போங்கோ. பிறகு எல்லாம் சொல்லுறன்."

அவர் ஓம் என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தரம் அந்தச் சொல் வரவில்லை.

"முதுகு நோகுது," என்றார் கடைசியாக. "எங்க வைக்கிறது இதை?"

தேநீர் அறைக் கதவு திறந்தது. சந்திரிகா, எங்கே நீங்கள், எல்லோரும் காத்திருக்கிறோம் என்று கூப்பிட்டபடி வாலஸ் வந்தார். அவருக்குப் பின்னால் புரூக், தான்யா, வைதேகி. தடுப்புக்கு மேலால் முதலில் அவருடைய நரைத்த தலை தெரிந்தது, பிறகு நீட்டிய கை, பிறகு வேட்டியும் மாலையும் இல்லாத சிறிதரனை அடையாளம் காணத் தொடங்கும் கண்கள்.

சிறிதரன் அந்தக் கையைப் பார்த்தார், சந்திரிகாவைப் பார்த்தார். தான் யார் என்று அவளே சொல்லட்டும் என்பது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, மேசையில் வேறு இடம் இல்லாததால், கொண்டு வந்த தட்டைத் தன் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தாளை விலக்கினார். ரோல்ஸிலிருந்து ஆவி எழும்பி மாலை வரைக்கும் போனது.