மூன்றாவது ஒயர்

காருக்கு உடம்பு கெட்ட பிறகுதான் அந்த மனிதருக்கு வாய் திறந்தது.

அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் என்றால், "சாப்பிட்டியா? உடம்பு பரவாயில்லையா? சரி, வச்சிடறேன்." அவ்வளவுதான். கடல் கடந்து போய் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருக்கிறார். மெஷினோடு நாள் முழுக்கப் பேசச் சொன்னால் பேசுவார், பெண்டாட்டியிடம் பேசச் சொன்னால் வாய்க்குப் பூட்டு. அவளோ தையற்கடைக்காரி; ஒரு பட்டன் தைப்பதற்குள் ஊர்க்கதை முழுதும் சொல்லி முடிப்பவள். இரண்டு நிமிடப் பேச்சு அவளுக்கு எந்த மூலைக்கு?

அவர் விட்டுப் போன பழைய சின்னக் கார் ஒருநாள் நின்ற இடத்திலேயே குலுங்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்கித் திணறியது. அதைப் போனில் சொன்னதுதான் தாமதம், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பானெட்டைத் தூக்கு. போனைப் பக்கத்துல வை. ம்... நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல."

அந்த வாரம் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினாள். அப்புறம் பிளக்குகளைத் துடைத்தாள், கார்புரேட்டரைக் கழுவினாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேலை. ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு நடுவே அறைத்தோழரின் குறட்டை, தன் கால் வெடிப்பு என்று அவரும் ஏதேதோ சொன்னார். ஒருமுறை வீடியோ காலில் பார்த்துவிட்டு, "உன் கை இளைச்சுப் போச்சே," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுநாள் சட்டைகளுக்குப் பட்டன் துளை போட்டுக் காஜா எடுக்கும்போதெல்லாம் அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம், ஷெட் இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தாள். பிளக்குக்குப் போகும் மூன்றாவது ஒயரிலிருந்து நீலப்பொறி ஒன்று பக்கத்து இரும்பில் சொடுக்கியது. ஒயர் வெடித்திருக்கிறது, கரண்ட் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே ஓடிவிடுகிறது. அவ்வளவுதான் நோய். உடனே புது ஒயர் வாங்கினாள். வாங்கியதைத் தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் போட்டு மூடினாள்.

மாட்டினால் கார் சரியாகிவிடும். கார் சரியானால் பேச்சு நின்றுவிடும். "வந்துடுங்க" என்று அவள் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் அவர் அங்கே தவிப்பாரே என்று, இவள் இங்கே தவித்தாள்.

இதில் உபகாரம் செய்கிறேன் பேர்வழி என்று வந்து சேர்ந்தான் கொழுந்தன். தைத்த சட்டையை வாங்க வந்தவன் கண்ணில், அவள் நூலெடுக்கத் திறந்த டிராயர் பட்டுத் தொலைத்தது.

"அண்ணி, இது பிளக் ஒயராச்சே! ஊசி நூலோட இதுக்கென்ன வேலை?"

அவள் ஒரு பொய்யைத் தேடி முடிப்பதற்குள் அவன் ஷெட்டுக்கே போய்விட்டான். வெடித்த ஒயரைக் கண்டுபிடித்து, புதிதை மாட்டி, "கார் ரெடி!" என்று அண்ணனுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டான். அவனை அடிப்பதா, காபி கொடுப்பதா என்று தெரியாமல் அவள் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"ஒயர்தானாமே," என்றார்.

"ம்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒயர்தான்னு. முதல் வாரமே, சத்தத்துலயே தெரிஞ்சுது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ எதுக்கு எல்லாத்தையும் கழட்ட வச்சீங்க? என் நகமெல்லாம் போச்சு!"

"கழட்டிக்கிட்டே நீ பேசுவியே. கேட்டுக்கிட்டிருக்கலாம்னுதான்..."

கோபம் போன இடம் தெரியவில்லை. "புது ஒயர் என் டிராயர்லதான் கிடந்துச்சு, வாரக்கணக்கா," என்றாள். அந்தப் பக்கம் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எத்தனை காலமாயிற்று!

"ஸ்டார்ட் பண்ணேன்," என்றார். "நல்லா ஓடுற சத்தத்தைக் கேட்கணும்."

அவள் போய்க் காரில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். திருப்பவில்லை.

"போன்ல வேண்டாம். வந்து கேளுங்க."

சொல்லியே விட்டாள்.

"லீவு... கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். குரல் விட்டுவிட்டு வந்தது.

"கேளுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.