நாற்பது ஓங்கில்

போனில் நேர்காணல் நாலு மணிக்கு. நாச்சியாரின் போனில் இருந்தது ஒன்பது சதவீதம் சார்ஜ். ஒரகடத்துப் பெண்கள் விடுதியில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. மொட்டைமாடித் தொட்டி நிழலில் குந்தியிருந்தாள்.

கிடைத்தால், பாம்பன் கடலில் ஓங்கில் கணக்கெடுக்கும் வேலை. டால்பினுக்கு அவள் ஊரில் அதுதான் பேர். கிடைக்காவிட்டால் நாளைக் காலை மறுபடி கம்பெனி பஸ், லைன், "விலங்கியல் படிச்ச கையி, ஸ்குரூவ நல்லா முடுக்குது" என்று சூப்பர்வைசர் மோகனின் நக்கல்.

பயமெல்லாம் ஒரே ஓர் எண்ணின் மேல்தான். கல்லூரி ப்ராஜெக்டுக்காக அப்பாவின் வள்ளத்தில் போய் எண்ணியதில், ஆழமில்லாத வடகடலில் எப்போதும் மூன்று, நான்கு ஓங்கில். ஆழமான தென்கடலில் பத்து, பன்னிரண்டு. ஒரே ஒரு நாள் வடகடலில் நாற்பது. "தப்பா எண்ணியிருப்பே, அடிச்சுடு" என்றார் பேராசிரியர். அவள் அடிக்கவில்லை. கண்ணால் எண்ணியதை எவனுக்காக அடிப்பது?

நேர்காணல் எடுத்த ஸ்ரீதர் சார், அவள் அனுப்பியிருந்த ப்ராஜெக்டில் நேராக அந்த எண்ணுக்கே வந்தார்.

"இந்த நாப்பது எப்படிம்மா வந்துச்சு?"

"நெசமாவே இருந்துச்சு சார்."

"சரி. ஏன் இருந்துச்சு?"

எழுந்து கைப்பிடிச்சுவர் ஓரம் வந்தாள். போனில் ஐந்து சதவீதம்.

கீழே ரோட்டோரம் தண்ணி லாரி வந்து நின்றது. முன்பெல்லாம் ரெண்டு ரெண்டு பேராகக் குடத்தோடு போவார்கள். போன வாரம் அங்கே ஒருத்தன், விடுதியில் கூட இருக்கும் பாண்டிச்செல்வியின் துப்பட்டாவை இழுத்ததிலிருந்து அப்படிப் போவதில்லை. எதிர்ச்சாரியில் இன்றும் மூன்று பைக்குகள். விடுதியே மொத்தமாகக் கிளம்பியது.

"இன்னாடி இது, மாநாடா?" வார்டன் சரோஜாவின் தொண்டை மாடிவரை கேட்டது. "நாப்பது பொண்ணுங்க ரோட்ல கும்பல் கூடிக்கினு கீதுங்கன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டுர்றேன், இரு!"

எழுதுவாள். நாற்பது என்று மட்டும் எழுதுவாள், பைக்கை எழுதமாட்டாள். நாச்சியாருக்குச் சுருக்கென்றது. தானும் அதைத்தானே செய்திருக்கிறோம்?

"சார், எண்ணிக்கை சரி. தப்பு வேற எடத்துல. ஓங்கிலை மட்டுந்தான் எழுதினேன். அன்னைக்குத் தண்ணி கலங்கலா தெளிவா, மீன்பாடு எப்படி, சுறா நடமாட்டம் உண்டா, எத்தனை விசைப்படகு நின்னுச்சு, ஒண்ணையும் குறிக்கல. சும்மா கூடுமா சார் கூட்டம்?"

ரெண்டு சதவீதம்.

"அப்ப அந்த நாப்பதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"முடியாது சார். மறுபடி போய்ப் பாக்கணும்."

"யாரு போறது?"

"நான் போறேன் சார்."

திரை கறுத்துக் கிடந்தது. சொல்வதற்கு முன்பே அணைந்ததா, சொன்ன பிறகா? பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். தன் முகம்தான் தெரிந்தது.

குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் சரோஜா நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தாள்.

"நீயுமாடி?"

"நாப்பத்தொண்ணுன்னு எழுதுங்கக்கா. பக்கத்துலயே பைக்கு மூணுன்னும் எழுதுங்க. வண்டி நம்பர் நான் சொல்றேன்."