லாம்

என் அறிக்கையில் "பெண்ணாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தேன். இன்ஸ்பெக்டர் கடைசியிலிருந்த "லாம்" என்பதை விழுங்கிவிட்டு, நகை திருடுபோன வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார். "கைரேகை காட்டிக் கொடுத்தது" என்று செய்தித்தாளில் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வகத்தில் லீவு சொல்லிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

நகை காணாமல் போன பீரோவின் கைப்பிடியில் கிடைத்தது அரைகுறை ரேகை. யாருடையது என்று சொல்ல அது போதாது. வரிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று மட்டும் எண்ண முடிந்தது. ஒரு சின்னக் கட்டத்துக்குள் பெண்களுக்குப் பொதுவாக வரிகள் அதிகம், ஆண்களுக்குக் குறைவு. பொதுவாக. அந்தச் சொல்லையும் அறிக்கையில் போட்டிருந்தேன். அதையும் விழுங்கியிருக்கிறார் மனுஷன், நல்ல ஜீரணம்.

அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. "பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடும்மா. பூட்டின வாசல்ல நிக்கும்," என்றாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டித்தான் அவளை அடித்திருக்கிறார்கள்.

"அந்த வீட்டுல பொம்பளைன்னா இவ ஒருத்திதான் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "மத்தது அப்பனும் பிள்ளையும். நீங்கதானே பொம்பளை கைன்னு எழுதினீங்க."

"அந்தப் பிள்ளை ரேகையை எடுத்தீங்களா?"

"பெரிய இடத்துப் பிள்ளை மேடம். அதெல்லாம் எதுக்கு?"

டீ கிளாஸைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தேன். ஆள்தான் ஆறடி, விரல்கள் சின்னச் சின்னதாக இருந்தன. மேஜையிலிருந்த ஸ்டாம்ப் பேடை இழுத்து, "கட்டைவிரலைக் குடுங்க சார்," என்றேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நீட்டினார். காகிதத்தில் உருட்டியெடுத்து, என் பையிலிருந்த லென்ஸை வைத்து நிதானமாக எண்ணினேன்.

"பீரோவுல இருந்ததைவிட உங்களுக்கு வரி ஒண்ணு அதிகம் சார். உங்க கணக்குப்படி நீங்க பொம்பளை. போய் அவ பக்கத்துல உட்காருங்க."

மூலையிலிருந்த கான்ஸ்டபிள் ஃபைலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. விரலைக் கைக்குட்டையில் தேய்தேயென்று தேய்த்தார், மை போகவில்லை.

"கோர்ட்டுல கூப்பிட்டா இந்தக் காகிதத்தையும் சேர்த்துத்தான் குடுப்பேன்," என்றேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி மேடம். மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு... விடலாம்."

"என் லாமை முழுங்கினீங்கல்ல சார்," என்றேன். "இதையும் முழுங்குங்க. விடுங்க."