ஒன்பதாவது கல்

ஒன்பதாவது கிலோமீட்டர் கல்லருகே நீல் சைக்கிளைத் திருப்பிவிட்டான். நானும் டாடியும் பத்தாவது கல்லில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தோம். சோலாப்பூர் ரோடு அந்த இடத்தில் நேராக ஓடும். தூரத்தில் அவனுடைய மஞ்சள் பனியன் புள்ளியாகத் தெரிந்தது, சாலையின் குறுக்கே ஒரு வட்டம் போட்டது, புறப்பட்ட லோணியை நோக்கிப் போயே போய்விட்டது.

"எங்கடி போறான் இவன்? தண்ணி வேணாமாமா?" என்றார் டாடி.

லோணியில் புறப்பட்ட கல்லை விட்டுவிட்டு, வரும்போது கற்களை நான் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். கணக்கு டீச்சருக்குப் பத்து வரைக்குமாவது ஒழுங்காக எண்ணத் தெரியும்.

நீல் என் தம்பி. விமான் நகரில் ஒரு கால் சென்டரில் ராத்திரியெல்லாம் அமெரிக்காக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கிற வேலை. 2007 மார்ச்சில் ஓர் அரசு நிறுவனம் விளையாட்டுக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்களை எடுப்பதாக விளம்பரம் வந்தது. சொந்த சைக்கிள், இருபது கிலோமீட்டர், முப்பத்துமூன்று நிமிடம். வயது இருபத்தைந்துக்குள். நீலுக்கு ஏப்ரலில் இருபத்தைந்து முடிகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பே கிடையாது.

அவனிடம் இருந்தது ஒரு தடியன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடமிருந்து வாங்கிய சைக்கிள், மூன்று அங்குல டயர். மலையிலும் மணலிலும் உருட்டுவதற்கென்று செய்ததாம். எங்கள் வானவடி சந்தில் அது வரும்போது மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நாய்கள் விலகும். வேகம் மட்டும் வராது. என்ன மிதித்தாலும் இருபது கிலோமீட்டருக்கு முப்பத்தெட்டு நிமிடம் ஆனது.

ஆகவே தடியனை இளைக்க வைத்தோம். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் எல்லாம் கழன்றன. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் போர்க் போய் சாதா போர்க் வந்தது. பெரிய பல்சக்கரம் வந்தது. கடைசியாக இரண்டு சக்கரங்களையும் ரிம்மோடு மாற்றி, கட்டை விரல் அகலத்தில் வழவழப்பான டயர் போட்டோம். கேம்ப் பகுதியில் இருந்த சைக்கிள் கடைக்காரர் பழைய சக்கரத்தின் கம்பியிலிருந்த காந்தத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டிக் கொடுத்தார். அந்தக் காந்தம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஹேண்டில்பாரில் இருக்கிற மீட்டர் அதை எண்ணித் தூரமாகக் காட்டும்.

அதற்கப்புறம் அற்புதம் நடந்தது. முப்பத்துநாலு. முப்பத்துமூன்றரை. நான் லோணியில் புறப்படும் கல்லருகே ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். மீட்டரில் பத்து காட்டினால் அவன் திரும்புவான், வந்து சேர்ந்ததும் நான் நோட்டில் எழுதுவேன். வியாழக்கிழமை முப்பத்திரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. அடுத்த செவ்வாய்க்கிழமை நடக்கும் தேர்வுக்கு லீவு தர முடியாது என்று ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, என்ன பண்றது? வேலைய விட்டுடவா?"

நான் நோட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்து, "விடுடா" என்றேன். வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டு, வரும்போது கயானி பேக்கரிப் பக்கம் போய் மாவா கேக் வாங்கி வந்தான். மம்மி அழுதுகொண்டே தின்றாள்.

அவன் ஒன்பதாவது கல்லில் திரும்பிய அன்று ஞாயிறு. சர்ச் முடிந்து கூட வருவதாக டாடிதான் ஆசைப்பட்டார். பாதி வழியில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம்.

லோணிக்குத் திரும்பியபோது நீல் புல்லில் மல்லாந்து கிடந்தான். "டைம் எவ்வளவுக்கா? நீ எங்க போன?"

"நீ ஏன் ஒம்பதாவது கல்லுல திரும்புன?"

"மீட்டர் பத்து காட்டுச்சு."

"கல்லு ஒம்பதுடா."

அவன் சிரித்தான். "அரே, மீட்டர் ஜப்பான்காரன் செஞ்சது. கல்லு நம்ம காண்டிராக்டர் நட்டது. கல்லுக்கு நூறு மீட்டர் தள்ளித் தள்ளி நட்டு, மிச்சக் கல்லுக்காசை அடிச்சிருப்பான். சோட் நா, விடுக்கா."

டாடியும் தலையாட்டினார். ராணுவ ஆர்டினன்ஸ் ஆபீஸில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவருக்குக் காண்டிராக்டர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் மட்டும் குனிந்து அவனுடைய மீட்டரைப் பார்த்தேன். அந்த மீட்டருக்குச் சக்கரத்தின் சுற்றளவைச் சொல்லித் தர வேண்டும். சைக்கிள் வாங்கிய அன்று மம்மியின் தையல் டேப்பால் தடி டயரை அளந்து, இருநூற்றுப்பதினேழு சென்டிமீட்டர் என்று பொத்தானை அழுத்தி அழுத்திப் போட்டது நான். டயர் இளைத்த பிறகு அதை யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இல்லாத தூரத்தைச் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் அதே டேப்பைப் புது டயரைச் சுற்றிப் பிடித்தேன். நூற்றுத்தொண்ணூற்றைந்து.

"அப்ப நான் ஓட்டினது?"

"பதினெட்டு. இருபது இல்ல."

"இருபதுக்கு?"

சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட மனக்கணக்காய்ப் போட்டுவிடும். "முப்பத்தாறரை."

நீல் டேப்பை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒருமுறை அளந்தான். பிறகு இன்னொரு முறை. என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டேப்பை ஒழுங்காகச் சுருட்டி மம்மியின் தையல் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அன்று மாலையே அவன் ஆபீஸுக்குப் போன் செய்தேன். அவன் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றாள் ஒரு பெண், மிக இனிமையான இங்கிலீஷில்.

செவ்வாய்க்கிழமை போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. விடிவதற்குள் அவனே கிளம்பிவிட்டான், நாங்கள் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். உருளி கிராமம் தாண்டி ஒரு மேஜை போட்டிருந்தார்கள், அங்கிருந்து லோணிப் பக்கமாகப் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். பதினொரு பேர், ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விட்டார்கள். மற்றவர்களுடைய சைக்கிள்களைத் தூக்கினால் ஒரு விரலில் நிற்கும்போல் இருந்தது. நீல் கடைசி.

அவன் போனதும் நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். எதற்கு என்று தெரியவில்லை, பழக்கம். முப்பது நிமிடம் வரைக்கும் டாடி, "இன்னைக்கு வேற மாதிரி ஓட்டறான், பாத்தியா? காத்தும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பத்துமூன்றில் மேஜைக்காரர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். தேறியவர்கள் நாலு பேர் என்று மராத்தியில் பெயர்களை வாசித்தார். அந்த நாலு பையன்களும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து கத்தினார்கள்.

அப்போதுதான் நீல் வந்தான். தலை நிமிராமல், முதுகு அசையாமல், கால்கள் ஒரே சீராய் மிதித்தபடி. வேகம் குறையவே இல்லை. மேஜையைத் தாண்டினான். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினான். எங்களையும் தாண்டினான்.

"நீல்! முடிஞ்சுதுடா! நில்லுடா!" என்று டாடி நடுரோட்டுக்கு ஓடினார்.

கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போனது. அதன் பின்னால், லாரியைப் பிடித்துவிடப் போகிறவன்போல, மஞ்சள் பனியன் சோலாப்பூர் பக்கமாகக் குனிந்து போய்க்கொண்டே இருந்தது.