ஒற்றைப்படை எண்கள் என்னுடையவை

8.8.1988, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் என் தவறு எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியும்.

எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கில் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கணினி வகுப்பு. மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை. இருவருக்கு ஒரு டிஸ்கெட். எனக்குத் திங்களும் புதனும். ருக்குமணிக்குச் செவ்வாயும் வியாழனும். அவள் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்துப் பெண். ஐந்து மாதமாக ஒரே டிஸ்கெட்டைப் பயன்படுத்துகிறோம். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் நான்தான் டிஸ்கெட்டில் ஒரு கோப்பு திறந்து, அவளுக்கு ஒரு யோசனை எழுதி வைத்தேன்: ‘1. டிஸ்கெட்டை வறுத்த அரிசி போட்ட மைலோ டின்னில் வை. இந்தப் பனிக்குப் பூஞ்சை பிடிக்கும்.’ மறுவாரம் பதில் இருந்தது: ‘2. எஃப்3 அழுத்தினா கடைசியா அடிச்சது திரும்ப வரும். வெரலு மிச்சம்.’ தமிழ்தான், ஆங்கில எழுத்தில். கோப்புக்கு ‘பெத்துவா’ என்று பெயர் வைத்தாள். மலாயில் யோசனைகள் என்று பொருள். ஒற்றைப்படை எண்கள் என்னுடையவை, இரட்டைப்படை அவளுடையவை. போகப் போக யோசனைக்குக் கீழே வேறு பேச்சும் சேர்ந்தது. முட்டைக்கோஸ் விலை, அவள் அண்ணனின் குறட்டை, எங்கள் தோட்டத்து லய வீடுகளில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் கீழ்நாட்டு பேக்டரிகளுக்குப் போய்விட்டது. வீட்டில் கணினியைப் பற்றி யாரிடமும் பேச முடியாது. அம்மா அதை டிவி என்றே நினைக்கிறாள்.

அவள் எழுதியதை நான் உடனே படிப்பதில்லை. பயிற்சியை முடித்துவிட்டுக் கடைசியில் படிப்பேன். தேநீருக்குப் பிறகு பிஸ்கட் தின்பதுபோல.

இன்று சாம்பசிவம் சார், “ரஞ்சிதம், ஒங்க டிஸ்கெட்டுல எடமே இல்ல. அடுத்த வாரம் டெஸ்ட். பழைய பயிற்சியெல்லாம் அழிச்சிட்டு உக்காரு” என்றார். பயிற்சிக் கோப்புகளின் பெயர்கள் எல்லாமே புள்ளிக்குப் பிறகு ஒரே வாலில் முடியும். ஒவ்வொன்றாக அழிப்பதற்குப் பதில், அந்த வால் உள்ள எல்லாவற்றையும் அழி என்று ஒரே வரியில் அடித்தேன். டிஸ்கெட் முழுவதையும் அழிக்கச் சொன்னால் ‘நிச்சயமா?’ என்று கேட்கும். இப்படி அடித்தால் கேட்காது. பெத்துவாவுக்கும் அதே வால். அதுவும் போய்விட்டது.

“கூட்டச் சொன்னா குடியிருக்கிறவங்களயும் சேத்துக் கூட்டிட்டியா லா?” என்று சார் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். “அழாதம்மா. பேருதான் போயிருக்கு. எழுத்து இன்னும் உள்ளதான் இருக்கு. அதுக்கு மேல வேற எதயும் எழுதாம இருந்தா மீட்டுடலாம். ஈப்போவுல நம்ம கூட்டாளிகிட்ட அழிஞ்சத மீட்கிற ஓசி டிஸ்கெட் ஒண்ணு இருக்கு, யாரு வேணும்னாலும் காப்பி எடுத்துக்கலாம். புதன்கிழமை கொண்டாறேன்.”

நாளை செவ்வாய். ருக்குமணி வந்து ஏதாவது எழுதிவிட்டால்?

டிஸ்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அதை மூடிவிட்டால் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். கண்ணாடி டேப் ஒட்டப்போனேன். “அதுல வெளிச்சம் ஊடுருவும், மெஷினு ஏமாறாது” என்றார் சார். அம்மாவின் விரலுக்கு வாங்கிய பிளாஸ்திரி என் பையில் இருந்தது. அதை வெட்டி ஒட்டினேன். டிஸ்கெட்டை வெளியே எடுத்துவிட்டு, உறையின் மேல் எழுதினேன்: ‘ருக்குமணி, நான் தெரியாமல் அழித்துவிட்டேன். நீ கடைசியாக எழுதியதைப் படிக்கவும் இல்லை. இதில் எதுவும் எழுதாதே. மன்னித்துக்கொள்.’ அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியுமா என்ற சந்தேகம் பஸ்ஸில்தான் வந்தது.

10.8.1988, புதன்

வகுப்பில் வைத்திருந்த மைலோ டின்னைத் திறந்தேன். பிளாஸ்திரி அப்படியே இருந்தது. உறையில் பதில் இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சார் டிஸ்கெட்டைப் பிரதி எடுத்து, பிரதியில் ஓசி நிரலை ஓட்டினார். அழிந்த கோப்புகளின் பெயர்கள் முதல் எழுத்து இல்லாமல் வரிசையாக வந்தன. முதல் எழுத்தை நாம்தான் சொல்ல வேண்டும். பெத்துவாவின் முதல் எழுத்தை அடித்தேன். கோப்பு வந்துவிட்டது. கீழே, போன வியாழன் எழுதியது:

‘28. டெஸ்டுக்கு முன்னாடி கீபோர்ட கவுத்துத் தட்டு, பிஸ்கட்டுத் தூளு கொட்டும். ரஞ்சி, எனக்கு பினாங்கு பேக்டரில வேல கெடச்சிருச்சு. புதன் காலைல போறேன். செவ்வாதான் கடைசி. நீ வேல முடிச்சுட்டு வாயேன். அஞ்சு மணிலருந்து கீழ படிகிட்ட நிப்பேன், செவப்பு ஸ்வெட்டர். அட்ரஸ் கையில தர்றேன். எத்தன நாளுதான் நம்பராவே இருக்கிறது?’

“சார், நேத்து ருக்குமணி வந்தாங்களா?”

“வந்துச்சு. மேல ஏறல. கீழ கடைவாசல் அஞ்சடி நடையிலயே நின்னுச்சு. மேல வாம்மான்னேன். ‘ஆள் வரணும் சார், வந்துரும்’னுச்சு. கடைசி பஸ் வரைக்கும் நின்னுச்சு போல.”

உறையை அவள் பார்க்கவே இல்லை. நான் படித்துவிட்டு வராமல் இருந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருப்பாள்.

சாரின் பதிவுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே ‘கோலா தெர்லா’ என்று மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே காய்கறி ஏற்றும் லோரிகள் நிற்கும் இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். குறட்டை விடும் அண்ணன் உள்ள வீடு எது என்றா? போவேனா என்றும் தெரியவில்லை. பினாங்கு வெயிலில் ஸ்வெட்டர் வேண்டாம், அதை வீட்டிலேயே விட்டுப் போயிருப்பாள்.

பிரதியில் பெத்துவாவைத் திறந்து, 29 என்று அடித்தேன். யோசனை எதுவும் வரவில்லை. ‘இன்றுதான் படித்தேன்’ என்று எழுதிச் சேமித்தேன். பிறகு டிஸ்கெட்டை அரிசி டின்னுக்குள் வைத்தேன்.