மயில்கழுத்து நிறக் கை

மருந்துக்கடைக்காரி கண் அறுவை முடிந்து வீடு திரும்பிய அன்று பிற்பகல், அவளுடைய தம்பியின் வலது கை மணிக்கட்டு வரை மயில்கழுத்து நிறமானது. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. தோல் மருத்துவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையில் கோளாறு ஒன்றும் இல்லை, நிறம்தான் வேறு என்று சொல்லி, கொசுக்கடிக்குத் தரும் களிம்பை எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

அக்காவுக்கு அந்தக் கையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவள் வயிற்றெரிச்சல் முழுக்கக் கத்திகளைப் பற்றியது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட அவள், இளவயதிலிருந்தே பழைய மடக்குக் கத்திகளைச் சேர்த்துவந்தாள். புதுக் கத்தியை யாராவது பரிசாகக் கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அவளுக்கு வேண்டியது, ஒரே ஆளின் சட்டைப்பையில் காலமெல்லாம் கிடந்து, பழச்சாறும் கயிறும் வேர்வையும் பட்டுப் பட்டு அலகில் தானாக நிறம் பூத்த கத்தி. எலுமிச்சை அறுத்த அலகில் மழைமேகச் சாம்பல் படிந்திருக்கும். ஆப்பிள் நறுக்கியதில் நீலம் ஓடும். ரோஜாப் பதியன் போட்ட தோட்டக்காரர் கத்தி, ஆறிப்போன டிகாக்‌ஷன் போலப் பழுப்பாக இருக்கும். முன்னறைக் கண்ணாடி அலமாரியில் அவற்றை வரிசையாக வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டு ஒற்றி எடுப்பாள். தேய்க்க மாட்டாள்.

தம்பி சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன்; மனைவி போன பிறகு அக்காவோடு வந்து தங்கியவன். கருத்த வாணலியைக் கண்டாலே ஓட்டலைப் பூட்டச் சொன்ன ஆள். அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கையில், புதுப் பார்வையோடு வருகிறவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியட்டும் என்று உப்புத்தாளும் பாலிஷும் வாங்கிவந்து, அத்தனை கத்தியையும் ஒன்று விடாமல் தேய்த்து வெளுத்துவிட்டான். அன்போடுதான் செய்தான். அதனால் குற்றம் ஒரு துளியும் குறையாது என்பதே அந்தத் தெருவின் ஒருமித்த கருத்து.

அலமாரியைத் திறந்தவள், டாக்டர்தான் கண்ணைக் கெடுத்துவிட்டார் என்று முதலில் நினைத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள். பிறகுதான் விஷயம் புரிந்தது.

"யாரைக் கேட்டுடா இதுல கை வச்சே?"

"அழுக்கா இருந்துச்சுக்கா. துருப்பிடிச்சுப் போயிடுமேன்னு..."

"துருவா? துரு இரும்பைத் தின்னும். இது இரும்பைக் காப்பாத்தும். ஒரு மனுஷன் வாழ்ந்து முடிச்ச நிறம்டா அது! அதை ஒரே மத்தியானத்துல தேய்ச்சு சாக்கடையில ஊத்திட்டியே!"

அவள் வாய் மூடுவதற்குள் அவன் கையில் நிறம் ஏறியது. இரக்கம் கிடைக்கும் என்று நினைத்து அதை அவள் முன் நீட்டினான். அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து விரல் விரலாகப் பார்த்தாள். ஆத்திரம் இரட்டிப்பானது. "இது என் சாம்பல். இது என் நீலம். எடுத்ததும் இல்லாம கையில பூசிக்கிட்டு வேற நிக்கிறே!"

அப்புறம் மாதக்கணக்கில் அவனோடு பேச்சில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காய்ச்சல் மாத்திரையோடு தம்பியின் அட்டூழியத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினாள். கையோ தனக்குத் தெரிந்த வேலைகளைப் பார்க்கத் தொடங்கியது. செடி வளர்த்தறியாதவனை இழுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு ரோஜாவுக்குப் பதியன் போட்டது. பென்சிலைக் கண்டால் தச்சர்களைப் போலத் தட்டையாகச் சீவியது. கையுறை போட்டால் தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தது.

அக்கா பயந்துகொண்டிருந்தது, ஆரஞ்சு உரித்துக் கொடுத்து விற்றுவந்த பெரியவரின் மகளுக்கு. வெளியூரில் நர்ஸாக இருந்த அந்தப் பெண், அப்பா செத்தபோது அவர் கத்தியைத் தானே கொண்டுவந்து கொடுத்தவள். "எங்க வீட்ல இருந்தா யாராவது தேய்ச்சுடுவாங்கக்கா. உங்ககிட்ட பத்திரமா இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தவள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு பை ஆரஞ்சோடு வந்து கத்தியைப் பார்த்துவிட்டுப் போவாள். இம்முறையும் வந்தாள். மறைத்துவிடலாமா என்று அக்கா ஒரு கணம் யோசித்தாள், மனசு ஒப்பவில்லை. ஓட்டல் கரண்டி போல மின்னிய கத்தியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அப்பா கட்டைவிரல் பட்ட இடம் பிறை மாதிரி கறுப்பா இருக்குமே, எங்கேக்கா அது? இதுக்கா உங்ககிட்ட கொடுத்தேன்?"

உள்ளறையிலிருந்து தம்பி வந்தான். வந்தான் என்பதைவிட, கை அவனைக் கூட்டிவந்தது. அவன் கட்டைவிரலில் அந்தப் பிறை இருந்தது. கை கத்தியை வாங்கியது. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, தோலை அறுபடாமல் ஒரே நாடாவாக உரித்தது. சுளையைக் கீறிக் கொட்டையைத் தட்டிவிட்டு, அலகைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முதல் சுளையை அந்தப் பெண்ணிடம் நீட்டியது.

அவள் வாங்கித் தின்றாள். அடுத்த சுளைக்குக் கையேந்தினாள். பழம் முழுக்கத் தின்று முடித்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்தக் கையையாவது யாரும் தேய்ச்சுடாம பாத்துக்கோங்க" என்றாள்.

"அதை அவன்கிட்ட சொல்லும்மா. தேய்க்கிறவன் அவன்தான்" என்றாள் அக்கா.

அக்கா இன்றுவரை தம்பியை மன்னிக்கவில்லை. கத்திகள் அவன் கையிலேயே பழமும் கயிறும் அறுத்து மெல்ல மங்கிவருகின்றன. அது வேறு நிறம், பழையது அல்ல என்று வருகிறவர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கத்திகளை ஒற்றி முடித்ததும் "நீட்டுடா" என்பாள். அதே துணியால் கட்டைவிரலில் தொடங்கி மணிக்கட்டு வரை ஒற்றுவாள்.

"எண்ணெய் அதிகம்கா."

"கத்தி பேசுதா? நீயும் பேசாதே."

துணியை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு அவள் கடை திறக்கப் போவாள்.