எட்டாவது ஆளும் ஒற்றைச் சக்கர வண்டியும்

எண்ணிக்கை சொல்கிறவன் எவனையும் நான் நம்புவதில்லை. நாற்பது வருடம் பன்றி லாரி ஓட்டியவன் நான். தராசில் ஓரமாகக் கால் வைத்து அழுத்துகிற ஆட்களை வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. ஆனால் என் சிநேகிதன் வெர்ன் டிட்மர் எண்ணிக்கையை வேதம்போல நம்பினான். அந்த நம்பிக்கை அவனைக் கொல்லப் பார்த்தது.

வெர்ன் எங்கள் ஊரில் தீவன மில் நடத்தியவன். 1980 நவம்பரில் அவனுக்கு ஐம்பத்தொன்பது வயது. நெஞ்சைத் திறந்து ரத்தக்குழாயை மாற்றி வைக்க வேண்டும் என்று கொலம்பஸ் நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். இவன் முடியாது என்றுவிட்டான். அவன் தாத்தா, அப்பா, இரண்டு அண்ணன்மார், ஒருவரும் அறுபதைத் தாண்டவில்லை, எல்லாம் நெஞ்சுவலி. அறுத்தாலும் போகிற உயிர்தான், எதற்கு வீண் தையல் என்பது அவன் கட்சி. அவன் மனைவி லோர்னா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், கடைசியில் என்னிடம் வந்தாள். நான் சொல்லி அவன் கேட்பான் என்று நினைக்கிற அளவுக்கு அவளுக்கு வேறு வழி இல்லாமல் போயிருந்தது.

அப்போதுதான் தேர்தல் முடிந்திருந்தது. ஓடிஸின் முடிதிருத்தும் கடையில் ஒரே பேச்சு: புது ஜனாதிபதி உயிரோடு வீடு திரும்புவாரா? சுழியத்தில் முடிகிற வருடத்துத் தேர்தலில் ஜெயித்தவர்கள், 1840 தொடங்கி இருபது வருடத்துக்கு ஒருவராக ஏழு பேர், ஏழு பேருமே பதவியில் இருக்கும்போதே செத்தார்கள். சாபம் என்பார்கள். மூன்று பேர் நோயில், நான்கு பேர் குண்டில். ஏழில் நான்கு பேர் எங்கள் ஒஹாயோக்காரர்கள். ஒருவருடைய பளிங்குக் கல்லறை எங்கள் ஊரிலிருந்து அரைமணிப் பயணம். ஆகவே இந்தச் சாவுகளை நாங்கள் பங்காளி வீட்டுச் சாவு மாதிரிதான் பேசுவோம். சாவுக்கு ஒஹாயோக்காரன்தான் பிடிக்கும், அவன் கிடைக்காதபோதுதான் வெளியூர்க்காரனைத் தொடும் என்று ஓடிஸ் பெருமையாகவே சொல்வான்.

வெர்ன் முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"ஏழுக்கு ஏழு. எட்டாவது ஆளு மட்டும் எப்படித் தப்பிக்கும்?"

எதிர்ச் சுவரில் எல்லா ஜனாதிபதிகளின் படமும் வருடமும் போட்ட அட்டை ஒன்று தொங்குகிறது. முறைக்காகக் காத்திருந்தே பாதி ஆயுள் அதைப் பார்த்தவன் நான். "1800லயும் 1820லயும் ஜெயிச்சவங்க நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்தாங்களே, அது?" என்றேன்.

"அவங்க சாபத்துக்கு முந்தின ஆளுங்க."

"சரி, ஒன் கொள்ளுத்தாத்தா? ஜெர்மனியிலேர்ந்து கப்பல்ல வந்தவரு. எண்பது தாண்டியும் பாதிரியாரோட சண்டை போட்டுக்கிட்டிருந்தாரே?"

"அவரும் முந்தின ஆளுதான்."

கடையே சிரித்தது. வெர்ன் சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பந்தயம் கட்டு என்றேன். தேர்தல் பந்தயத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் பழையது: தோற்றவன் ஜெயித்தவனை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, ஊர் பார்க்கக் கடைத்தெரு வழியாக நீதிமன்ற வாசல் வரை தள்ள வேண்டும். என் அப்பா ஒரு தடியனைத் தள்ளிவிட்டு ஒரு வாரம் இடுப்பு நிமிராமல் கிடந்தார். நிபந்தனையை ஓடிஸ் சொன்னான்: பதவி முடிந்து ஜனாதிபதி மாளிகையைவிட்டுத் தன் காலால் நடந்து வெளியே வந்தால் நான் ஜெயித்தேன், சவப்பெட்டியில் வந்தால் வெர்ன்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு பிற்பகல். கடையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. ஜனாதிபதியை ஒருவன் சுட்டுவிட்டான் என்றார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, அவருக்கும் பட்டிருக்கிறது என்றார்கள். வானொலிக்காரனை நான் எப்போது நம்பியிருக்கிறேன்? அன்று கெட்ட செய்தியை மட்டும் உடனே நம்பினேன்.

"எட்டு," என்றான் வெர்ன். மெதுவாகத்தான் சொன்னான். அவன் தொப்பியை எடுத்த விதத்தைப் பார்த்தபோது, அவன் எண்ணியது ஜனாதிபதியை அல்ல என்று தெரிந்தது.

அவன் கதவுவரை போயிருப்பான். அப்போது இன்னொரு செய்தி வந்தது. காரிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரிக்குள் தன் காலால் நடந்து போனாராம். உள்ளே போன பிறகுதான் விழுந்தாராம். எழுபது வயது. நெஞ்சுக்குள் குண்டு. சினிமாவிலிருந்து வந்த அந்த மனிதருக்கு நான் ஓட்டுப் போடவில்லை, நடிகர்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த நடைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

"தன் காலால," என்றேன்.

வெர்ன் கதவைப் பிடித்தபடி நின்றான். "உள்ளேதானய்யா போனாரு. பந்தயம் வெளியே வர்றதுக்கு."

"அப்ப இருந்து பாரு."

நெஞ்சைத் திறந்து குண்டை எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அவர் ஆஸ்பத்திரியைவிட்டு நடந்து வந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மறுநாள் நான் மில்லுக்குப் போனபோது வெர்ன் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். கொலம்பஸ் போகப்போவதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டுவிட்டேன், புத்தி கெட்டு.

"இந்த ஆளு எட்டு வருஷம்கூட இருப்பான்போல. நடுவுல நான் செத்தேன்னு வெய்யி, பந்தயத்துல ஜெயிச்சிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவ. ஒன்னைய நம்ப முடியாது."

பயத்தை இவ்வளவு மரியாதையாக மடித்து வைக்கத் தெரிந்த வேறொருவனை நான் பார்த்ததில்லை. காரில் அவனைக் கூட்டிப்போனது நான்தான். வழி நெடுக சோள விலையைத் தவிர வேறெதையும் அவன் பேசவில்லை.

அறுபது வந்தது. லோர்னா ஆப்பிள் பை சுட்டாள். அறுபத்தொன்று வந்தது. பிறகு யாரும் எண்ணவில்லை.

1989 ஜனவரி இருபதாம் தேதி ஓடிஸ் கடைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்து வைத்தான். பழைய ஜனாதிபதி புதியவரிடம் விடைபெற்று ஹெலிகாப்டர் படி ஏறினார். வாசலில் திரும்பி ஒரு சலாம் வைத்தார்.

"நடந்துட்டாரு," என்றான் வெர்ன். வண்டி ஏற்கெனவே வெளியே நின்றது. காலையிலேயே மில்லிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வைத்திருக்கிறான்.

நான் கனத்த ஆள். குளிர் மூக்கை அறுத்தது. ஓரமாக லோர்னா அவன் மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வங்கி முனையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. போதும், இறங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"உக்காருய்யா. நீ எறங்கினா பந்தயம் செல்லாது."

நீதிமன்ற வாசல் வரை தள்ளினான். அறுபத்தேழு வயது டிட்மர். அவன் வீட்டில் அந்த வயதைப் பார்த்தவர் அந்தக் கொள்ளுத்தாத்தா ஒருவர்தான். படியில் உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டான். மூச்சு சரியானதும் என்னைப் பார்த்தான்.

"அடுத்த சுழியம் ரெண்டாயிரம். இந்தத் தடவை நடக்கிற பக்கம் எனக்கு."

நடுவில் 1990 வருகிறதே என்றான் ஓடிஸ். அந்த வருடம் தேர்தல் கிடையாதுடா மடையா என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். இரண்டாயிரத்தில் உயிரோடிருந்தால் எனக்கு எண்பத்து மூன்று வயது; பந்தயத்தில் பெட்டிப் பக்கம் என்னுடையது. தோற்றால் அவனைத் தள்ள வேண்டும்.

கை கொடுத்தேன். வண்டி இப்போது என் கொட்டகையில் நிற்கிறது. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.